யாரும் கேட்காத கேள்விகள்: கனடாவின் கிளாடூ வழக்கு

1997 பிப்ரவரி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு தண்டனை விசாரணை. குற்றத்தை ஒப்புக்கொண்டு நின்றவர் கிளாடூ என்ற 20 வயதுப் பெண். அவர் பூர்வகுடியைச் சேர்ந்தவரா என்று நீதிபதிதான் கேட்டார். கிரீ இனத்தவர் என்றார் அவருடைய வழக்கறிஞர். அவர் பிறந்த மெக்லென்னன் பூர்வகுடி ஊரா என்பது அடுத்த கேள்வி. இல்லை, அது ஒரு சாதாரண ஊர்தான் என்று பதில் வந்தது. அதற்குமேல் இந்த விஷயத்தைப் பற்றி இரு தரப்பும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கனடாவில் பூர்வகுடிகளுக்குத் தண்டனை விதிக்கும் முறையையே மாற்றிய கிளாடூ வழக்கு இப்படித்தான் தொடங்கியது. பூர்வகுடியினர் என்றால் தண்டனையைக் குறைத்துவிடும் தீர்ப்பு என்று ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒருசேர இதைச் சொல்வதுண்டு. தீர்ப்பைப் படித்தால் வேறொன்று தெரிகிறது. ஒருவர் எப்படி இந்தக் கூண்டுவரை வந்து சேர்ந்தார் என்பதை நீதிமன்றம் கேட்டுத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதுதான் அதன் உயிர். கேட்பது யார், பதிலைத் திரட்டித் தருவது யார், பதில் கிடைத்த பிறகு நீதிபதியின் கையில் என்ன வழி இருக்கிறது என்பவற்றில்தான் அந்தத் தீர்ப்பின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

நடந்தது என்ன

கிளாடூ ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1976-ல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் ஒருவர். தாய் கிரீ, தந்தை பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெட்டிஸ் சமூகத்தவர். 1987-ல் தாய் வீட்டைவிட்டுப் போனார். 1990-ல் கார் விபத்தில் இறந்தார். பிள்ளைகளைத் தந்தைதான் வளர்த்தார். 17 வயதில் கிளாடூ ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினார். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது அந்த ஆள் அவரை அடித்து, அதற்காக 15 நாள் சிறைத் தண்டனையும் பெற்றிருக்கிறார். 1995-ல் குடும்பம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 16 கிளாடூவின் 19-வது பிறந்தநாள். நண்பர்களோடு குடித்தார்கள். தன் துணைவருக்கும் தன் அக்காவுக்கும் உறவு இருக்கிறது என்ற சந்தேகம் கிளாடூவுக்கு ஏற்கெனவே இருந்தது. அன்றிரவு அது சண்டையாக வெடித்தது. அந்த ஆள் அவரை இழிவாகப் பேசினார். கிளாடூ கத்தியால் முதலில் கையில் குத்தினார். தப்பி ஓடியவரைத் துரத்திப்போய் மார்பில் குத்தினார். அந்தக் குத்து இதயத்தைத் துளைத்தது.

இரண்டாம் நிலைக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. முதற்கட்ட விசாரணைக்குப் பிறகு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட 17 மாதங்கள் ஜாமீனில் இருந்தார். அந்தக் காலத்தில் மதுப் பழக்கத்துக்கு ஆலோசனை பெற்றார். ஒன்பதாம் வகுப்பை முடித்தார். உணர்ச்சிகளை அளவுக்கு மீறித் தூண்டிவிடும் தைராய்டு கோளாறு இருப்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

விசாரணை நீதிபதி இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். இளம் தாய், செய்ததற்கு வருந்துகிறார், குடும்பம் துணைநிற்கிறது என்று ஒருபுறம். இரண்டு முறை குத்தினார், இரண்டாவது முறை ஓடியவரைத் துரத்திக் குத்தினார் என்று மறுபுறம். மூன்று ஆண்டு சிறை விதித்தார். பூர்வகுடிப் பின்னணிக்கு மட்டும் இடமில்லை என்றார். அவர் சொன்ன காரணம், கிளாடூவும் இறந்தவரும் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலத்தில் வாழவில்லை, நகரத்தில் வாழ்ந்தார்கள் என்பது.

ஒரு வரிச் சட்டம்

அந்தப் பின்னணியைப் பற்றி நீதிபதி ஏன் பேச வேண்டியிருந்தது என்றால், அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், 1996 செப்டம்பர் 3 அன்று, கனடாவின் குற்றவியல் சட்டத்தில் 718.2(e) என்ற ஓர் உட்பிரிவு நடைமுறைக்கு வந்திருந்தது. சூழ்நிலைக்குப் பொருத்தமாக, சிறையைத் தவிர வேறு என்னென்ன தண்டனைகள் உண்டோ அவை எல்லாவற்றையும் எல்லாக் குற்றவாளிகளுக்கும் பரிசீலிக்க வேண்டும். பூர்வகுடிக் குற்றவாளிகளின் சூழ்நிலையில் தனிக்கவனம் வைக்க வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். தனிக்கவனம் என்றால் என்ன, அதை எப்படி வைப்பது என்று சட்டம் விளக்கவில்லை.

மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ரிசர்வில் வாழாதவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்றது பிழை. ஆனாலும் இருவர் தண்டனையை மாற்ற மறுத்தார்கள். தன் பாரம்பரியத்தோடு தொடர்பைக் காத்துக்கொள்ள எடுத்த முயற்சிகள் பற்றிப் புதிய சான்று தர கிளாடூ கேட்ட அனுமதியும் மறுக்கப்பட்டது. நீதிபதி ரோல்ஸ் மட்டும், இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவான சிறையும் அதன்பின் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் போதும் என்று மாறுபட்டு எழுதினார்.

உச்ச நீதிமன்றம் 1999 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பளித்தது. எழுதியவர்கள் நீதிபதிகள் கோரி, யாக்கொபூச்சி. ஏற்கெனவே இருந்த வழக்கத்தை எழுத்தில் வைப்பதற்காக மட்டும் நாடாளுமன்றம் இந்த வரியைச் சேர்க்கவில்லை, ஒரு கேட்டைச் சரிசெய்யச் சேர்த்தது என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். கேடு எதுவென்று எண்களே காட்டின. 1997-ல் கனடாவின் மக்கள்தொகையில் பூர்வகுடிகள் சுமார் 3 சதவீதம். மத்தியச் சிறைகளில் அவர்கள் சுமார் 12 சதவீதம். 1995-96-ல் சஸ்காச்சுவன் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் 72 சதவீதம். கனடாவின் குற்றவியல் நீதி அமைப்பே நெருக்கடியில் இருக்கிறது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக எழுதியது.

அப்புறம் நீதிபதிகளுக்கு ஒரு வழிமுறையை வகுத்தது. பூர்வகுடியைச் சேர்ந்த எவர் முன்னால் நின்றாலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அவரை நீதிமன்றம்வரை கொண்டுவந்ததில் பங்கு வகித்திருக்கக்கூடிய பின்னணிக் காரணங்கள் எவை: வறுமை, வேலையின்மை, குடும்பம் சிதறியது, மது, இனப் பாகுபாடு, இடம்பெயர்வு. அடுத்து, அவருடைய பாரம்பரியத்துக்கும் சமூகத் தொடர்புக்கும் ஏற்ற நடைமுறைகளும் தண்டனைகளும் எவை. சமூகம் என்றால் ரிசர்வ் மட்டும் அல்ல, நகரத்தில் இருக்கும் ஆதரவு வலையும் சமூகம்தான். பல பூர்வகுடி மரபுகளில் குற்றம் என்பது உறவு முறிவது. அதைச் சீர்செய்வதுதான் நீதி. அந்தப் பார்வைக்கும் தண்டனையில் இடம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

பூர்வகுடியினர் என்பதற்காகத் தானாகத் தண்டனை குறையாது என்பதையும் அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. கூடவே இன்னொரு வாக்கியமும் உண்டு: குற்றம் எவ்வளவு கொடியதோ, வன்முறை எவ்வளவு கூடியதோ, அந்த அளவுக்குப் பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் விதிக்கப்படும் சிறைக்காலம் நடைமுறையில் நெருங்கிவர வாய்ப்பு அதிகம். கொடிய குற்றம் என்றால் பின்னணியைப் பார்க்கவே தேவையில்லை என்று கீழ் நீதிமன்றங்கள் பல இதைப் படித்துக்கொண்டன. அடுத்த 13 ஆண்டுகளுக்கு அந்தத் தவறான வாசிப்பு தொடர்ந்தது.

வென்ற கொள்கை, தோற்ற வழக்கு

கிளாடூவின் மேல்முறையீடு தள்ளுபடியானது. இரண்டு கீழ் நீதிமன்றங்களும் பிழைசெய்தன என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. வழக்கமாக இப்படிப்பட்ட பிழைக்கு வழக்கைத் திருப்பி அனுப்பி மறுபடி தண்டனை விசாரணை நடத்தச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. ஆனால் கிளாடூ ஆறு மாதம் சிறையில் இருந்தபின் 1997 ஆகஸ்டிலேயே பகல்நேரப் பரோலில் வெளியே வந்துவிட்டார். தந்தையோடு வசிக்க வேண்டும், மது ஆலோசனை தொடர வேண்டும், மின்னணுக் கண்காணிப்பு உண்டு என்பவை நிபந்தனைகள். 1998 பிப்ரவரியில் முழுப் பரோலும் கிடைத்தது. குற்றம் கொடியது, மூன்றாண்டு என்பது நியாயமற்றதும் அல்ல, மறுவிசாரணையால் யாருக்கும் பயனில்லை என்று முடித்தது நீதிமன்றம்.

அந்த முடிவு எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குள் மறைந்துபோன ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு உரிய தண்டனை எது என்று உச்ச நீதிமன்றத்தாலும் சொல்ல முடியவில்லை. சொல்வதற்கான செய்திகள் வழக்கு ஏட்டிலேயே இல்லை. தாய் ஏன் வீட்டைவிட்டுப் போனார்? ஆல்பர்ட்டாவின் சிறு ஊரில் ஒன்பது பிள்ளைகளோடு ஒரு மெட்டிஸ் தந்தை எப்படிச் சமாளித்தார்? 17 வயதில் ஒரு பெண் வீட்டைவிட்டு இன்னொருவரோடு போய் வாழ என்ன காரணம்? இதையெல்லாம் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்ற விதி அவருடைய பெயரில் பிறந்தது. அவருக்காக மட்டும் யாரும் கேட்காமலே போயிற்று.

இறந்தவரை மறந்துவிட்டு இந்த வழக்கைப் பேசக் கூடாது. அவருக்கும் குடும்பம் இருந்தது, ஒரு குழந்தை இருந்தது, இன்னொன்று பிறக்க இருந்தது. இது குடும்ப வன்முறை வழக்கு என்பதை உச்ச நீதிமன்றமும் மனதில் வைத்தே எழுதியது. தண்டனை இலகுவானால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் பூர்வகுடிப் பெண்களாகவே இருப்பார்கள் என்ற அச்சம் அன்றிலிருந்து இன்றுவரை எழுந்துகொண்டிருக்கிறது, அதை லேசாக ஒதுக்க முடியாது. 2019-ல் சட்டம் இதற்கும் ஒரு வரி சேர்த்தது: துணைவர்மீதான வன்முறை வழக்குகளில், பாதிக்கப்பட்ட பெண்கள் எவ்வளவு பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறார்கள் என்பதையும், குறிப்பாகப் பூர்வகுடிப் பெண்களின் சூழ்நிலையையும் நீதிபதி கருத வேண்டும். என் பார்வையில் இந்த இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. அடிபட்ட பெண்ணின் கதையையும் அடித்தவரின் கதையையும் முழுமையாகக் கேட்கச் சொல்கின்றன. கிளாடூ வழக்கில் அந்த இரண்டு கதைகளும் ஒரே பெண்ணுக்குள் இருந்தன.

இப்பீலி: தவறான வாசிப்புக்கு முற்றுப்புள்ளி

2012 மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு மேல்முறையீடுகளை ஒன்றாகத் தீர்த்தது. ஒருவர் இப்பீலி, இக்கலூவிட் ஊரைச் சேர்ந்த இனுயிட் (ஆர்க்டிக் பூர்வகுடி) மனிதர். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது குடிக்கு அடிமையான தாய் பனியில் உறைந்து இறந்தார். 11 வயதில் அவரும் குடிக்கத் தொடங்கினார். கடுமையான வன்முறைக் குற்றங்களுக்குச் சிறை சென்று, நீண்டகாலக் கண்காணிப்பில் வெளியே இருந்தபோது கிங்ஸ்டன் நகரில் குடிபோதையில் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டார். மது அருந்தக் கூடாது என்பது கண்காணிப்பின் நிபந்தனை. அதை மீறியதற்கு மூன்றாண்டு சிறை கிடைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஓராண்டாகக் குறைத்தது.

இன்னொருவரின் கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. யூக்கானைச் சேர்ந்த கஸ்கா இனத்தவர் அவர். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளியான வதிவிடப் பள்ளிக்கு ஐந்து வயதில் அனுப்பப்பட்டவர். விடுதலையாகும்போது, பூர்வகுடி மரபில் ஆதரவு தரும், காம்லூப்ஸ் நகரில் உள்ள இல்லம் ஒன்றுக்குப் போக விரும்பினார், ஏற்பாடும் ஆகியிருந்தது. நிர்வாகக் குழப்பத்தில் அந்த இடம் கைநழுவியது. அவரைக் கொண்டுபோய் விட்டது வான்கூவர் நகரில், போதைப்பொருள் எளிதில் கிடைக்கும் பகுதியில். அங்கே மறுபடி போதைக்குள் விழுந்தார், நிபந்தனையை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவருடைய பின்னணி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததற்கு ஏற்ற இடம்தான் இல்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லெபெல் மூன்று விஷயங்களை உறுதிசெய்தார். காலனியம், இடப்பெயர்வு, வதிவிடப் பள்ளிகள் ஆகியவற்றின் வரலாற்றையும், அதிலிருந்து கல்விக் குறைவும் வறுமையும் மதுவும் தற்கொலையும் சிறைவாசமும் எப்படிப் பெருகின என்பதையும் நீதிமன்றங்கள் தாமாகவே கவனத்தில் கொள்ள வேண்டும்; ஒவ்வொரு வழக்கிலும் நிரூபிக்கச் சொல்லக் கூடாது. இந்த வரலாறுதான் இந்தக் குற்றத்துக்கு நேரடிக் காரணம் என்று காட்டும்படியும் கேட்கக் கூடாது. குற்றம் கொடியது என்பதால் பின்னணியை ஒதுக்கவும் கூடாது. வதிவிடப் பள்ளிகளுக்குள் சுமார் 1,50,000 பிள்ளைகள் போனார்கள், கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டதே 1990-களின் பிற்பகுதியில்தான். தலைமுறைகளாகப் பரவிய காயத்துக்கும் ஒரு குறிப்பிட்ட இரவில் நடந்த குற்றத்துக்கும் நடுவே நேர்க்கோடு போட்டுக் காட்டச் சொல்வது முடியாததைக் கேட்பது.

இதே காலத்தில் ஆஸ்திரேலியா வேறு பாதையில் போனது. 2013-ல் பக்மி வழக்கில் அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம், சிறுவயதில் பட்ட கொடுமையின் தாக்கம் ஆண்டுகள் போவதால் குறைந்துவிடாது, அதற்கு முழு மதிப்புத் தர வேண்டும் என்றது. கனடாவின் வழிமுறையை மட்டும் ஏற்கவில்லை. வழக்கு எழுந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சட்டத்தில் அதற்கு ஈடான வரி இல்லை என்பது காரணம். கொடுமையைத் தனிமனிதர் அனுபவித்ததாக ஒவ்வொருவரும் நிரூபிக்க வேண்டும். ஓர் இனத்தின் வரலாறாக நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளாது.

அறிக்கையை எழுதுவது யார்

சரி, நீதிபதி கேட்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். பதில் எங்கிருந்து வரும்? டொரொண்டோவில் 2001-ல் பழைய நகர மன்றக் கட்டடத்தில் பூர்வகுடிகளுக்கான கிளாடூ நீதிமன்றம் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு ஒரு விடை உருவானது. பூர்வகுடிகளின் சட்ட உதவி அமைப்பு ஒன்று கிளாடூ அறிக்கைகளை எழுதத் தொடங்கியது. எழுதுபவர் குற்றவாளியோடு மட்டும் பேசுவதில்லை. பாட்டி, மாமா, ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள் என்று பலரையும் தேடிப்போய்ப் பேசுவார். குடும்பத்தில் யார் வதிவிடப் பள்ளிக்குப் போனார்கள், எந்தக் குழந்தைகளை அரசு எடுத்துப்போய் வேறு வீடுகளில் வளர்த்தது, அந்த ஊர் எப்போது எப்படி இடம்பெயர்ந்தது என்றெல்லாம் எழுதுவார். கடைசியில் சிறைக்கு மாற்றாக எந்தச் சிகிச்சை மையம், எந்தப் பெரியவர், எந்த வேலை என்று பெயர் சொல்லிப் பரிந்துரைப்பார்.

நன்னடத்தை அலுவலர் எழுதும் வழக்கமான அறிக்கை மறுபடி குற்றம் செய்வாரா என்ற அபாயக் கணக்கைச் சுற்றியே நகரும். வறுமை, கல்விக் குறைவு, குடும்பச் சிதறல் எல்லாம் அங்கே அபாயப் புள்ளிகளாகக் கூடும். கிளாடூ அறிக்கையில் அதே விவரங்கள்தான் விளக்கமாகின்றன. ஒரே வாழ்க்கை, இரண்டு தாள்களில் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. அதனால்தான் அறிக்கை எழுதும் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது பெரிய விஷயமாகிறது. மாகாணத்துக்கு மாகாணம் ஏற்பாடு மாறுகிறது. சில இடங்களில் தனி அறிக்கையே கிடையாது. வழக்கமான அறிக்கையில் ஒரு பகுதியைச் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். தண்டனை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, காத்திருக்க விரும்பாமல் அறிக்கையே வேண்டாம் என்பவர்களும் உண்டு.

எண்களைப் பார்த்தால் வேதனைதான். மத்தியச் சிறைகளில் பூர்வகுடிகளின் பங்கு 1997-ல் 12 சதவீதமாக இருந்தது, 2020 ஜனவரியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. 2021 முடிவில் மத்தியச் சிறைகளில் இருந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பூர்வகுடிகள். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் 5 சதவீதம். தண்டனை விதிப்பு என்பது ஒரு நீண்ட வரிசையின் கடைசிப் படி. யாரைப் போலீஸ் நிறுத்துகிறது, யாருக்கு ஜாமீன் கிடைக்கிறது, சிறைக்குள் யார் கடும் காவலில் வைக்கப்படுகிறார், யாருக்குப் பரோல் தாமதமாகிறது என்று எல்லாப் படிகளிலும் சாய்வு இருக்கும்போது கடைசிப் படியில் நிற்கும் நீதிபதி எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் முழுவதும் சரியாகாது. சிறையின் அபாய மதிப்பீட்டுக் கருவிகள் பூர்வகுடிகளுக்குப் பொருந்துமா என்று சோதிக்காமலே பயன்படுத்தப்பட்டதை 2018-ல் யூவர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது.

கேட்டும் பயனில்லாத வழக்கு

கேள்வி சரியாகக் கேட்கப்பட்டு, பதிலும் முழுமையாகக் கிடைத்து, சட்டமே வழியை அடைத்த வழக்கும் உண்டு. சர்மா வழக்கில் ஒஜிப்வா இனத்து இளம் தாய் ஒருவர் 2015-ல் டொரொண்டோ விமான நிலையத்தில் சுமார் 2 கிலோ கொக்கெயினுடன் பிடிபட்டார். வயது 20, முன்குற்றம் இல்லை. வாடகை பாக்கி, வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலை, பெட்டியைக் கொண்டுவந்தால் 20,000 டாலர் என்ற வாக்குறுதி. பாட்டி வதிவிடப் பள்ளியில் இருந்தவர். எல்லாம் நீதிபதிமுன் இருந்தது. ஆனால் 2012-ல் வந்த சட்டம், இத்தகைய குற்றங்களுக்கு வீட்டுக்காவல் போன்ற நிபந்தனைத் தண்டனை கொடுக்க முடியாதபடி செய்திருந்தது. 17 மாதம் சிறை விதிக்கப்பட்டது.

2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இந்தக் கட்டுப்பாடு பூர்வகுடிகளைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்பது பெரும்பான்மையின் வாதம். மாறுபட்ட நான்கு பேரின் பக்கம்தான் நான் நிற்கிறேன். சிறைக்கு மாற்று வழிகளைத் தேடச் சொல்லும் சட்டத்தை வைத்துக்கொண்டு, இருக்கும் மாற்று வழியை அடைத்தால் அதன் சுமை யார்மீது விழும் என்பது கிளாடூ தீர்ப்பிலேயே இருக்கிறது. 13 நாள் கழித்து, நவம்பர் 17 அன்று, நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன்னொரு சட்டம் ஒப்புதல் பெற்று அந்தக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது.

இப்போது கவனம் முன்படிகளுக்கு நகர்ந்திருக்கிறது. 2019-ல் வந்த ஒரு பிரிவு, ஜாமீன் முடிவெடுக்கும்போதே பூர்வகுடிகளின் சூழ்நிலையில் தனிக்கவனம் வைக்கச் சொல்கிறது. இது சிறிய மாற்றம் போலத் தோன்றலாம். ஆனால் ஜாமீனில் வெளியே இருப்பவர்தான் சிகிச்சைக்குப் போக முடியும், படிப்பைத் தொடர முடியும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியும், தண்டனை நாளன்று இவற்றையெல்லாம் நீதிபதியிடம் காட்ட முடியும். விசாரணைக் காவலிலேயே மாதக்கணக்கில் அடைபட்டவர் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. சீக்கிரம் வெளியே வருவதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நெருக்கடியும் அவருக்கு உண்டு. ஜாமீன் நீதிமன்றங்களில் ஒரு வழக்குக்குச் சில நிமிடங்களே ஒதுக்கப்படுகின்றன. அந்த நிமிடங்களுக்குள் பின்னணியை எடுத்துச் சொல்லப் பூர்வகுடி நீதிமன்றப் பணியாளர்களை ஒவ்வொரு ஊரிலும் நியமிப்பதுதான் அடுத்து நடக்க வேண்டிய வேலை. அதற்கான பணம் மத்திய, மாகாண அரசுகளின் கையில் இருக்கிறது.